ஆபீஸ் கெட்டிலைச் சோதிப்பது எப்படி? மின் பாதுகாப்புச் சோதனை, அடிப்படையிலிருந்து

"சிபியு-வைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறது" என்று ஆபீஸில் யாராவது சொன்னால், "செருப்பு போட்டுக்கொண்டு தொடுங்க" என்பதுதான் வழக்கமான பதில். கம்ப்யூட்டரின் பவர் சப்ளைக்குள் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பாடிக்குச் சின்னச் சின்ன கெப்பாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். எர்த் ஒழுங்காக இருந்தால் அவற்றில் கசியும் துளி கரண்ட் மண்ணுக்குப் போய்விடும். எர்த் அறுந்திருந்தால் பாடி ஏறக்குறைய 115 வோல்ட்டில் மிதக்கும். அந்தச் சுருக்கு பொதுவாக ஆளைக் கொல்லாது. ஆனால் அந்த பாயிண்டில் எர்த் இல்லை என்று சொல்கிறது. நாளைக்கு அதே பாயிண்டில் யாராவது கெட்டிலைச் செருகுவார்கள்.

அதனால் கெட்டிலையே எடுத்துக்கொள்வோம். தேவையானவை ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு மல்டிமீட்டர், கிடைத்தால் 500 வோல்ட் மெக்கர் (ஒயரின் இன்சுலேஷன் வழியாகக் கரண்ட் கசிகிறதா என்று பார்க்கும் மீட்டர்). சட்டைப்பையில் செருகி வைக்கும் டெஸ்டர் இந்த வேலைக்கு ஆகாது. ஃபேஸ் இருக்கிறதா என்று அது காட்டும், எர்த் பற்றி வாய் திறக்காது.

முதல் படி: கண்ணால் பார்ப்பது

பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். மீட்டரைத் தொடும் முன்பே பெரும்பாலான கோளாறுகள் இங்கே மாட்டிவிடும் என்பது என் அனுபவம். பின் கறுத்திருக்கிறதா? பிளாஸ்டிக் உருகிப் பழுப்பேறியிருக்கிறதா? 1500 வாட் கெட்டில் 230 வோல்ட்டில் ஆறரை ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் தினமும் நாலு முறை போட்டால் பின் கறுக்காமல் என்ன செய்யும்? ஒயரில் இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தால் அங்கேயே ஃபெயில், மேலே போக வேண்டாம்.

ஸ்க்ரூ போட்ட பிளக் என்றால் திறந்து பாருங்கள். பிரவுன் ஃபேஸுக்கு, நீலம் நியூட்ரலுக்கு, பச்சை-மஞ்சள் மேலே இருக்கும் தடித்த பின்னுக்கு. உள்ளே இருக்கும் கிளாம்ப் ஒயரின் வெளி உறையைப் பிடித்திருக்க வேண்டும். உள் ஒயர்களைப் பிடித்திருந்தால் தப்பு. எர்த் ஒயரை மட்டும் மற்ற இரண்டையும்விடக் கொஞ்சம் தொய்வாக விட வேண்டும். யாராவது ஒயரைப் பிடித்து இழுத்துப் பிடுங்கிக்கொண்டு வந்தாலும் எர்த் கடைசியில்தான் அறும். எர்த் பின் நீளமாக இருப்பதும் இதே கணக்குதான்: முதலில் உள்ளே போகும், கடைசியில் வெளியே வரும். அந்தப் பின்னை உடைத்து ரெண்டு பின் சாக்கெட்டில் திணித்திருந்தால், அந்தப் பொருளை அன்றைக்கே ஓரம் கட்டுங்கள்.

இரண்டாம் படி: எர்த் தொடர்ச்சி

மல்டிமீட்டரை 200 ஓம் ரேஞ்சில் வையுங்கள். முதலில் இரண்டு புரோபையும் ஒன்றோடொன்று தொட்டு, வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், 0.3 என்று வந்தால் அது மீட்டர் ஒயரின் சொந்தக் கணக்கு. பிறகு கெட்டிலை அதன் பேஸில் உட்கார வைத்து, ஒரு புரோபை பிளக்கின் எர்த் பின்னிலும், மற்றதைக் கெட்டிலின் ஸ்டீல் உடம்பிலும் வையுங்கள். பெயின்ட் மேல் வைத்தால் ரீடிங் வராது. 0.3-ஐக் கழித்த பிறகு அரை ஓமுக்குள் இருந்தால் சரி. அப்புறம் முக்கியமான வேலை: புரோபை எடுக்காமல் ஒயரைப் பிளக் பக்கமும் பேஸ் பக்கமும் வளைத்து ஆட்டுங்கள். எண் குதித்தால் உள்ளே ஒயர் பாதி அறுந்திருக்கிறது.

இதில் ஒரு ஏமாற்று உண்டு. மல்டிமீட்டர் அனுப்புவது மில்லிஆம்பியர் கரண்ட். எர்த் ஒயரில் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் அது 'நல்லது' என்றே காட்டும். இங்கிலாந்தில் இந்தச் சோதனையையே ஒரு தொழிலாகச் செய்பவர்கள் அதிகக் கரண்ட் அனுப்பும் தனி மீட்டர் வைத்திருக்கிறார்கள். அங்கே அளவுகோல் 0.1 ஓம், அதோடு ஒயரின் சொந்தத் தடை. நம் மல்டிமீட்டர் ஃபெயில் என்றால் நம்பலாம், பாஸ் என்றால் பாதிதான் நம்பலாம்.

மூன்றாம் படி: மெக்கர்

கெட்டிலின் ஸ்விட்சை ஆன் பக்கம் தள்ளுங்கள். இதை மறந்தால் மெக்கர் ஸ்விட்ச் வரைக்கும் மட்டுமே சோதிக்கக்கூடும், ஹீட்டரைத் தொடாமல் போகலாம். ஃபேஸ், நியூட்ரல் பின்களை ஒன்றாகச் சேர்த்து ஒரு கிளிப், எர்த் பின்னில் மற்றொன்று. கையை எடுத்துவிட்டு பட்டனை அழுத்துங்கள். 1 மெகா ஓமுக்கு மேல் வேண்டும். எர்த் இல்லாத, சதுரத்துக்குள் சதுரம் (இரட்டை இன்சுலேஷன் என்று அர்த்தம்) அச்சிட்ட பொருளாக இருந்தால், சேர்த்த பின்களுக்கும் வெளியே தொடக்கூடிய உலோகத்துக்கும் நடுவே 2 மெகா ஓம்.

மழைக்காலத்தில் ரொம்ப நாள் சும்மா கிடந்த ஹீட்டர் குறைவாகக் காட்டலாம். எலிமெண்டுக்குள் இருக்கும் மக்னீசியம் ஆக்ஸைடு ஈரத்தை உறிஞ்சும். நன்றாகக் காய வைத்து மறுபடி பாருங்கள். கம்ப்யூட்டர், சார்ஜர் மாதிரி எலக்ட்ரானிக் பொருளுக்கு மெக்கரை 250 வோல்ட்டில் வைத்தாலே போதும்.

நான்காம் படி: சுவர் சாக்கெட்

இது கரண்ட் இருக்கும்போதே அளப்பது. புதியவர்கள் வயர்மேனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நின்று பாருங்கள். ஃபேஸ்-நியூட்ரல் 230, ஃபேஸ்-எர்த் கிட்டத்தட்ட அதே, நியூட்ரல்-எர்த் இரண்டு மூன்று வோல்ட். பக்கத்தில் கெட்டில் கொதித்துக்கொண்டிருக்கும்போதும் நியூட்ரல்-எர்த் அச்சுப் பிசகாமல் 0 என்றால் சந்தேகப்படுங்கள். எர்த் இழுக்கச் சோம்பல்பட்டு, சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலை எர்த் பின்னோடு லூப் போட்டிருக்கலாம். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் கெட்டிலின் உடம்பு முழுக்க 230 வோல்ட். பல்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் போட்டுப் பார்க்கும் பழைய வழக்கமும் வேண்டாம். எர்த் எங்கோ அறுந்திருந்தால், அந்த எர்த்தில் இருக்கும் எல்லாப் பொருளின் பாடிக்கும் பல்பு வழியாகக் கரண்ட் ஏறும்.

போர்டில் இருக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியின் (கரண்ட் கசிந்தால் தானே சப்ளையைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) 'டி' என்ற டெஸ்ட் பட்டனையும் அழுத்துங்கள், டப்பென்று விழ வேண்டும். விழுந்தால் ஆர்சிசிபி வேலை செய்கிறது என்று மட்டும் அர்த்தம், எர்த் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

ஒரு நோட்டில் பொருள், தேதி, ரீடிங், பார்த்தவர் பெயர் எழுதுங்கள். கெட்டில், அயர்ன் பாக்ஸ், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மூன்றையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை நான் பார்க்கிறேன்; மேஜையைவிட்டு நகராத மானிட்டருக்கு இரண்டு வருஷம்கூட விடுவேன். ஃபெயிலானதை மேஜைக்கடியில் வைக்காதீர்கள். நான் ஒயரை அடியோடு வெட்டிவிட்டுத்தான் குப்பையில் போடுவேன். இல்லையென்றால் மறுநாள் காலையில் யாராவது அதிலேயே டீத்தண்ணி வைத்திருப்பார்கள்.