பெரிய பிள்ளைக்கு வீடு தேடும்போது செய்யும் பிழைகள்

"ஒன்பது வயதா? எல்லா விவரமும் தெரிந்திருக்குமே!" பெங்களூரின் அல்சூர், மர்பி டவுன் பக்கத்துத் தமிழ் வீடுகளில் தத்து என்ற பேச்சை எடுத்தால் முதலில் வரும் பதில் இதுதான். கைக்குழந்தை என்றால் வரிசையில் நிற்பவர்கள், பெரிய பிள்ளை என்றதும் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். எப்படியாவது ஒரு குடும்பம் கிடைத்தால் போதும் என்ற அவசரத்தில், இந்தப் பிள்ளைகளுக்குத் தத்து வீடு தேடுகிற நாமும் தவறு செய்கிறோம்.

நல்ல மனதோடு செய்யும் மோசமான தவறு, பிள்ளையின் படத்தை வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விடுவது. "தங்கமான பெண், யாராவது முன்வாருங்கள்" என்று சங்கத்துக் குழுவில் போட்டால் அரை மணியில் அது ஒசூரைத் தாண்டிவிடும். பராமரிப்பில் உள்ள பிள்ளையின் பெயர், பள்ளி, படம் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் கிடக்கட்டும், நாளை வகுப்பில் ஒருவன் அந்தப் படத்தைக் காட்டிக் கேலி செய்தால் அவள் எங்கே போவாள்?

வளர்ப்புப் பராமரிப்பில், அதாவது தத்தாக இல்லாமல் தற்காலிகமாக ஒரு குடும்பத்தில், இருப்பதாலேயே தத்துக்குத் தயார் என்று கணக்குப் போடுவதும் பிசகு. தத்துக் கொடுக்கலாம் என்று குழந்தைகள் நலக் குழு அறிவித்த பிறகே அதற்கான வழி திறக்கும். அதற்குள் ஒரு தம்பதியைக் காட்டி "அம்மா, அப்பா வந்திருக்கிறார்கள்" என்று சொல்லிவைக்காதீர்கள்.

கண்ணெதிரே இருப்பவர்களை மறந்துவிட்டு ஊரெல்லாம் தேடுவோரும் உண்டு. வளர்ப்புப் பராமரிப்புக்கான 2024ஆம் ஆண்டின் மாதிரி வழிகாட்டு நெறிகளின்படி, இரண்டு ஆண்டுகள் வளர்த்த குடும்பமே தத்தெடுக்க முன்வரலாம். முன்பு ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. "எங்களுக்கு வயதாகிவிட்டதே" என்று அவர்கள் தயங்கினால் கணக்கைச் சொல்லுங்கள். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு, கணவன் மனைவி இருவர் வயதையும் கூட்டினால் 110 வரை போகலாம். தனி ஆள் என்றால் 55.

எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது, கல்யாணத் தரகரைப் போலக் குறைகளை மூடிப் பேசுவது. "சமர்த்து, ஒரு தொல்லையும் இல்லை" என்று ஒரு சிறுமியைப் பற்றி நானே சொல்லியிருக்கிறேன். புது வீட்டில் முதல் நாள் சாப்பிட்டதும் அவள் தட்டைக் கழுவி, முன்பக்கமும் பின்பக்கமும் திருப்பிக் காட்டிவிட்டு, "போ" என்று சொல்லும் வரை நின்றாளாம். விடுதியில் அப்படித்தான் பழக்கம். பயமுறுத்திவிட்டோமோ என்று அந்த அம்மாள் இரவெல்லாம் தூங்கவில்லை. கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவாள், ஊரில் தம்பி இருக்கிறான், இரவில் விளக்கை அணைக்கக் கூடாது: இவற்றையெல்லாம் முன்பே சொன்னால் சிலர் பின்வாங்குவார்கள். பின்வாங்கட்டும். வீட்டுக்கு அழைத்துப்போய் மூன்று மாதம் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்து விடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

கடைசியாக, பிள்ளையைக் கேட்காமல் முடிவெடுப்பது. ஐந்து வயது நிரம்பியிருந்தால் அதன் சம்மதம் வேண்டும். பலர் இதைக் கையெழுத்துச் சடங்காக முடித்துவிடுகிறார்கள். நான் அறிந்த ஒரு சந்திப்பில், தம்பதி ஆசையாக ஒரு தமிழ்ப் பெயரைச் சொல்லி, இனி உன்னை இப்படித்தான் கூப்பிடுவோம் என்றார்கள். கன்னடம் மட்டுமே பேசத் தெரிந்த அந்தப் பெண், "பள்ளிக்கூடத்தில் என்னை எப்படிக் கூப்பிடுவார்கள்?" என்று கேட்டாள். யோசித்துவிட்டு அடுத்த வாரம் வரச் சொல்லி அவர்களை அனுப்பிவைத்தோம்.