ஆய்வகத்தில் ‘நீ பார்த்தா போதும்’ என்று சொல்லாதீர்கள்

பாதுகாப்பைக் காரணம் காட்டி மாற்றுத்திறனாளி மாணவரை ஓரத்து ஸ்டூலில் உட்காரவைப்பதுதான் பெரிய தவறு. “நீ பார்த்தா போதும்மா, ரீடிங்கை அவ சொல்லுவா.” பார்வையில்லாத பிள்ளையிடம்கூட இதையே சொல்வார்கள்! சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பில் பார்வையில்லாத மாணவர்களுக்குச் செய்முறைத் தேர்வுக்குப் பதிலாக வினாத்தாள் உண்டு. அது தேர்வுக்கான சலுகை. வருஷம் முழுக்க ஆய்வகக் கதவைச் சாத்த அனுமதி இல்லை.

டெல்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியோ வேறு சிபிஎஸ்இ பள்ளியோ, பத்தாம் வகுப்பு என்சிஇஆர்டி அறிவியல் நூலிலேயே வழி இருக்கிறது. நறுக்கிய வெங்காயத்தோடு இரவு முழுக்கக் கட்டிவைத்த துணியில் நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு பட்டால் வாசம் போய்விடும். நீர்த்த அமிலம் பட்டால் போகாது. வெனிலா எசன்ஸும் அப்படித்தான். லிட்மஸின் நிறம் தெரியாதவரும் அமிலம் எது, காரம் எது என்று தாமே கண்டுபிடிக்கலாம். துணியைத் தண்ணீரில் அலசிய பிறகே முகர வேண்டும். அவசரத்தில் இதை விட்டுவிடாதீர்கள். வகுப்பு மொத்தமும் இப்படியே செய்தால் இன்னும் நல்லது. பாட்டில்களை மட்டும் சொல்லாமல் இடம் மாற்றக் கூடாது.

சாய்தளம் கட்டியதோடு சக்கர நாற்காலி விஷயம் முடிந்தது என்று நினைப்பது அடுத்த தவறு. மேடையோ நின்று வேலை செய்யும் உயரத்தில் இருக்கும். உட்கார்ந்திருப்பவருக்கு பீக்கர் முகத்துக்கு நேரே நிற்கும், சிந்தினால் மடியில்தான். அடியில் முழங்கால் நுழையும்படி ஒரு தாழ்வான மேசை போடுங்கள். சூடான பாத்திரத்தை மடியில் வைத்து நகர்த்த விடாதீர்கள். கண் கழுவும் குழாயும் அவசர ஷவரின் பிடியும் எட்டுகின்றனவா என்று அந்த மாணவரையே தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பல இடங்களில் ஒரு முழம் சங்கிலி கூட்டினால் தீர்ந்துவிடும்.

ஒளியியல் சோதனைக்கு விளக்கை அணைத்துவிட்டுப் பேசிக்கொண்டே போவார்கள். காது கேளாத மாணவருக்கு உதட்டசைவும் தெரியாது, சைகையும் தெரியாது. விளக்கத்தை முடித்துவிட்டு அணையுங்கள். தீ எச்சரிக்கை மணியோடு மின்னும் விளக்கும் வேண்டும்.

‘எங்களுக்கு நிதியில்லை’ என்பார்கள். அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளி மாணவரின் தேவைக்கேற்ப நியாயமான ஏற்பாடு செய்தாக வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். பெற்றோர் எழுத்தில் கேட்கலாம்.

தீ ஒத்திகையில் இந்த மாணவர்களை வகுப்பிலேயே விட்டுவிட்டு மற்றவர்களை மட்டும் இறக்குகிறார்களா என்றும் விசாரியுங்கள். ஆய்வகம் மாடியில் இருந்தால், லிஃப்ட் ஓடாதபோது யார், எந்தப் படி வழியாக இறக்குவார்கள் என்பது ஒத்திகை நாளிலேயே முடிவாக வேண்டும்.