மரபணுவில் இருந்தால் பார்வை போய்த்தான் தீருமா?

அம்மா வழி உறவில் ஒருவருக்கு இளம் வயதிலேயே பார்வை போய்விடுகிறது. பரிசோதித்தால் லெபர் பரம்பரைப் பார்வை நரம்பு நோய் என்கிறார்கள். அதே மரபணு மாற்றம் தங்களிடமும் இருப்பது தெரிந்ததும், குடும்பத்தில் பலர் சொல்வது: "பிறப்பிலேயே வந்தது, நாம் என்ன செய்ய முடியும்?" எனக்குத் தெரிந்து இதுதான் மிகப் பெரிய தவறு.

மரபணு மாற்றம் இருக்கும் எல்லோருக்கும் பார்வை போவதில்லை. ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கும், பெண்களில் பத்தில் ஒருவருக்கும் போகிறது என்பதுதான் நீண்ட காலமாகச் சொல்லப்படும் கணக்கு. யாருக்குப் போகிறது, யார் தப்பிக்கிறார்கள் என்பதில் புகைபிடிப்பதற்குப் பெரிய பங்கு உண்டு. இந்த மாற்றம் கொண்ட குடும்பங்களை ஆராய்ந்து 2009-இல் வெளியான ஆய்வில், புகைபிடித்த ஆண்களில் 93 சதவீதம் பேருக்குப் பார்வை பாதித்திருந்தது. காரணம் புரியாத ஒன்றல்ல. செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா இவர்களுக்கு ஏற்கெனவே தடுமாறுகிறது. சிகரெட் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடும் சயனைடும் அதை இன்னும் முடக்குகின்றன. பார்வை நரம்பின் மெல்லிய இழைகளுக்குச் சக்தி நிறைய தேவை என்பதால் அவைதான் முதலில் சாகின்றன.

அதனால் "குறைத்துக்கொண்டேன்" என்பது போதாது, அடியோடு நிறுத்த வேண்டும். வீட்டில் வேறு யாரும் புகைப்பதையும் அனுமதிக்காதீர்கள். குடியைப் பொறுத்தவரை, அதே ஆய்வில் அளவுக்கு மீறிக் குடித்தவர்களிடம்தான் ஆபத்து கூடுவதாகத் தெரிந்தது. ஆனாலும் இந்தக் குடும்பங்களில் மதுவைத் தொடாமல் இருப்பதே நல்லது என்பேன்.

அப்புறம், யாருக்கு வரும் என்பதிலும் குழப்பம். இந்த மாற்றம் தாயிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் போகும், தகப்பனிடமிருந்து யாருக்கும் போகாது. "பெண்தானே, அவளுக்கு வராது" என்று மகளைப் பரிசோதிக்காமல் விடுவது சரியல்ல. பெரும்பாலும் 15 முதல் 35 வயதுக்குள் வரும் என்றாலும், அந்த வயதைத் தாண்டியவர்களுக்கும் வந்திருக்கிறது.

பலர் மறந்துவிடும் விஷயம் மருந்து. காசநோய்க்குத் தரும் எத்தாம்புட்டால் பார்வை நரம்பைப் பாதிக்கக்கூடியது. லினெசோலிட் என்ற ஆன்டிபயாட்டிக்கும் அப்படித்தான். எந்த மருத்துவரிடம் போனாலும், மருந்து எழுதும் முன்பே குடும்ப வரலாற்றைச் சொல்லிவிடுங்கள்.

சரி, எல்லாம் ஒழுங்காக இருந்தும் பார்வை போனால்? போகலாம். புகையே தொடாதவர்களுக்கும் போயிருக்கிறது. அப்போது "நீ ஏதோ செய்துவிட்டாய்" என்று அவரைக் குற்றம் சாட்டுவது கொடுமை. வலியே இல்லாமல் ஒரு கண்ணில் நடுப்பார்வை மங்கினால், கண்ணாடி மாற்றினால் சரியாகும் என்று நாளைக் கடத்தவும் கூடாது. சில வாரங்களிலோ மாதங்களிலோ அடுத்த கண்ணும் மங்கும். ஐரோப்பாவில் 2015-இல் இதற்கென்று இடெபினோன் என்ற மருந்துக்கு அனுமதி கிடைத்தது. எல்லோருக்கும் பலன் தராவிட்டாலும், சிலருக்குப் பார்வை ஓரளவு திரும்பியிருக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுத் தொடரில் 14484 என்ற எண்ணுள்ள இடத்தில் மாற்றம் உள்ளவர்களுக்குத் தானாகவே மீளும் வாய்ப்பும் அதிகம். எனவே எந்த வகை மாற்றம் என்பதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.