எடுக்கப்படாத கார்ட்டூனின் தடம் பிடிப்பது எப்படி

விளம்பரச் சின்னத்தை நாயகனாக்கித் திட்டமிட்டு, பிறகு கைவிட்ட கார்ட்டூன்களைத் தேடுபவர்கள் பலரும் வீடியோவைத் தேடியே சோர்ந்துபோகிறார்கள். ஒரு காட்சிகூட எடுக்காத தொடருக்கு வீடியோ எங்கிருந்து வரும்? மிஞ்சியிருப்பது காகிதம்தான். எடுத்துவிட்டு ஒளிபரப்பாமல் விட்டது வேறு, எடுக்காமலே விட்டது வேறு. இந்த இரண்டையும் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

பழகிப் பார்க்க நல்ல உதாரணம் செஸ்டர் சீட்டா. சீட்டோஸ் நொறுக்குத்தீனிக்காக 1986-இல் விளம்பரங்களில் அறிமுகமான சிவிங்கிப்புலி. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஃபாக்ஸ் நெட்வொர்க் இதைக் குழந்தைகள் தொடராக்கத் திட்டமிட்டது. குழந்தைகள் தொலைக்காட்சியின் தரத்துக்காகப் பெக்கி சாரன் தொடங்கிய 'ஆக்‌ஷன் ஃபார் சில்ரன்ஸ் டெலிவிஷன்' அமைப்பு எதிர்த்தது. தொடர் வரவே இல்லை.

தேடும் காலத்தை முதலில் சுருக்குங்கள். அமெரிக்க நெட்வொர்க்குகளின் புதிய சீசன் செப்டம்பரில் தொடங்கும்; அறிவிப்புகள் அதற்கு முந்தைய மாதங்களில் வரும். ஆகவே ஜனவரி முதல் செப்டம்பர் வரையிலான 'பிராட்காஸ்டிங்', 'வெரைட்டி' போன்ற தொழில் இதழ்களை வாரவாரியாகப் புரட்டுங்கள். ஸ்கேன் செய்த பக்கங்களில் சொல் தேடல் அடிக்கடி ஏமாற்றும்: பத்தி ஒடுக்கமானதால் பெயர் வரிக்கடைசியில் இரண்டாக உடைந்திருக்கும். சின்னத்தின் பெயர் கிடைக்காவிட்டால் நிறுவனத்தின் பெயரையும் நெட்வொர்க்கின் பெயரையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது அமெரிக்காவின் டிரேட்மார்க் (வணிகச் சின்னம்) பதிவேடு. பலரும் எட்டிப் பார்க்காத இடம், ஆனால் தேதியோடு பேசும் இடம். ஒரே சின்னத்துக்குப் பல பதிவுகள் இருக்கும். நொறுக்குத்தீனிக்கான 30-ஆம் வகுப்பைத் தள்ளிவிட்டு, பொழுதுபோக்குச் சேவைகள் வரும் 41-ஆம் வகுப்பைப் பாருங்கள். அதில் 'பயன்படுத்தும் எண்ணம் உண்டு' என்ற அடிப்படையிலான விண்ணப்பம் இருந்தால் நல்ல பிடி கிடைத்தது. இந்த வசதி 1989 நவம்பர் 16-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அமெரிக்க நிறுவனம் பெயரைப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகே விண்ணப்பிக்க முடியும் என்பதால், அந்தக் காலத்துத் திட்டங்களை இங்கே தேடிப் பயனில்லை. அனுமதி அறிவிப்பு வந்தபின் 6 மாதத்துக்குள் பயன்பாட்டைக் காட்ட வேண்டும். நீட்டிப்புகளோடு அதிகபட்சம் 36 மாதம். காட்டாவிட்டால் 'கைவிடப்பட்டது' என்று பதிவாகும். அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். தலைப்பை மாற்றியிருந்தாலும் இதே முத்திரைதான் விழும்.

அமெரிக்கப் பதிப்புரிமை (காப்பிரைட்) அலுவலகத்தின் இணையப் பட்டியலில் 1978 முதலான பதிவுகள் கிடைக்கும். கதைச்சுருக்கமோ திரைக்கதையோ பதிவாகியிருந்தால் எண்ணின் முன்னொட்டைக் கவனியுங்கள்: 'பிஏ' என்றால் வெளியானது, 'பிஏயு' என்றால் வெளியாகாதது. பதிவு கட்டாயமில்லை, அதனால் பட்டியலில் இல்லாதது எதற்கும் சாட்சி அல்ல.

திட்டம் ஏன் நின்றது என்பதற்கு, அமெரிக்காவில் ஒளிபரப்பைக் கண்காணிக்கும் அரசு ஆணையமான எஃப்சிசியின் ஆவணங்களைப் பாருங்கள். 1990-ஆம் ஆண்டின் குழந்தைகள் தொலைக்காட்சிச் சட்டம், குழந்தைகள் நிகழ்ச்சிகளில் விளம்பரத்தை வார இறுதியில் மணிக்கு 10.5 நிமிடம், வார நாளில் 12 நிமிடம் என்று கட்டுப்படுத்தியது. ஒரு பொருளோடு தொடர்புடைய நிகழ்ச்சிக்குள் அதே பொருளின் விளம்பரம் வந்தால், முழு நிகழ்ச்சியுமே விளம்பரமாகக் கணக்கிடப்படும். இந்த வரையறையில்தான் சிக்கல். இடையில் சீட்டோஸ் விளம்பரமே போடாவிட்டால் விதி எழுத்தளவில் மீறப்படாது. ஆனால் பாத்திரமே விளம்பரத்துக்காகப் பிறந்தது, அது திரையில் நின்றாலே விற்பனைதானே என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். பொம்மையிலிருந்து வந்த கார்ட்டூன்களுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். எதிர்ப்பாளர்கள் எஃப்சிசிக்குத் தந்த மனுக்களைப் படிக்கும்போது இணைப்புகளை விட்டுவிடாதீர்கள். பத்திரிகை நறுக்குகள் அங்கே கிடக்கலாம்.

போலிகளில் இரண்டு வகை அடிக்கடி தட்டுப்படும். ஒன்று, அதே காலத்து வீடியோ கேம் படங்கள். செஸ்டருக்கு 1990-களில் கானெகோ நிறுவனத்தின் கேம்கள் வந்தன, அவற்றின் படத்தைத் 'தொலைந்த கார்ட்டூன்' என்று சுற்றவிடுவது எளிது. இன்னொன்று, ஏலத்துக்கு வரும் செல் தாள்கள், அதாவது கார்ட்டூன் படங்களை வரையும் ஒளிபுகும் தாள்கள். ஓரத்தில் நடுவே வட்டத் துளை, இருபுறமும் நீளத் துளை இருந்தால் அது அனிமேஷன் தாள் என்று மட்டுமே பொருள். விளம்பரத்துக்கு வரைந்த தாளிலும் அதே துளைகள்தான். தொடரின் பெயரோ தயாரிப்பு எண்ணோ இல்லாத தாளை விளம்பரத்தாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

குறிப்பு எழுதும்போது 'பேச்சில் இருந்தது', 'அறிவிக்கப்பட்டது', 'பைலட் (சோதனை அத்தியாயம்) எடுக்கப்பட்டது', 'அத்தியாயங்களுக்கு ஆர்டர் தரப்பட்டது' என்ற நான்கில் எந்த நிலையை ஆவணம் காட்டுகிறதோ அதை மட்டும், ஆவணத்தின் தேதியோடு எழுதுங்கள். 'உருவாக்கத்தில் உள்ளது' என்று இதழில் ஒரு வரி வந்திருந்தால் அது முதல் நிலைதான். அதைப் பைலட் ஆக்கிவிடாதீர்கள்.