ட்யூப்லெஸ் சைக்கிள் டயரை வீட்டிலேயே அமர்த்துவோர் செய்யும் தவறுகள்

மோட்டார் சைக்கிளில் ட்யூப்லெஸ் டயர் வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டதால் அது நமக்குப் பழகிய பொருளாகிவிட்டது. பஞ்சர் கடைக்காரர் டயரை ரிம்மில் மாட்டி, கம்ப்ரஸர் குழாயை வால்வில் வைத்த சில நொடிகளில் ‘டப், டப்’ என்று இரண்டு சத்தம் கேட்கும், வேலை முடிந்துவிடும். அதே வேலையைச் சைக்கிள் டயரில், வீட்டில், கைப்பம்பை வைத்துக்கொண்டு செய்ய முற்படும்போது, எவ்வளவு அடித்தாலும் காற்று டயரின் ஓரங்கள் வழியே வெளியேறிக்கொண்டே இருப்பதைப் பலர் காண்கிறார்கள். உடனே பம்பின் மீது பழி போடுகிறார்கள், அல்லது இன்னும் அதிக அழுத்தம் வேண்டும் என்ற முடிவுக்கு வருகிறார்கள். பெரும்பாலான நேரங்களில் இரண்டும் சரியல்ல. பம்பைக் கையில் எடுப்பதற்கு முன்பே தவறு நடந்து முடிந்திருக்கும்.

ரிம்மின் உட்புறத்தை உற்றுப் பார்த்தால் நடுவில் ஒரு பள்ளமும், அதன் இருபக்கமும் சற்று உயர்ந்த திட்டும், திட்டை ஒட்டி வெளிச்சுவரும் இருப்பது தெரியும். டயரை மாட்டியவுடன் அதன் ‘பீட்’ எனப்படும் கெட்டியான விளிம்பு பள்ளத்திலோ திட்டின் ஓரத்திலோ தளர்வாகக் கிடக்கும். உள்ளே நுழையும் காற்று, விளிம்புக்கும் ரிம்முக்கும் இடையே உள்ள இடைவெளி வழியாக வெளியேறும் காற்றை விட வேகமாக வந்தால்தான் விளிம்பு திட்டோடு ஒட்டி வழியை அடைக்கும். அடைத்த பிறகே உள்ளே அழுத்தம் ஏறத் தொடங்கும். அந்த அழுத்தம்தான் விளிம்பைத் திட்டின் மீது ஏற்றிச் சுவரோடு இறுக்கும். டயரை ‘அமர்த்துவது’ என்பது இதுதான். ஆக, முதல் கட்டத்தில் தேவைப்படுவது காற்றின் வேகம். இரண்டாம் கட்டத்தில் மட்டுமே அழுத்தம். கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால் வருபவை.

டயரும் ரிம்மும் ட்யூப்லெஸ் முறைக்கென்றே செய்யப்பட்டவையா என்று பார்க்காமல் தொடங்குவது மிக அடிப்படையான தவறு. சாதாரண டயரின் விளிம்பு, ட்யூப் இல்லாமல் ஓட்டும்போது ரிம்மைப் பற்றிக்கொள்ளும் வகையில் வடிவமைக்கப்பட்டதல்ல. சீலன்ட் எனப்படும், ஓட்டைகளை அடைக்கும் திரவத்தை ஊற்றி எப்படியோ அமர்த்திவிட்டாலும் ஓடும்போது கழன்றுவிடக்கூடும். வெளிச்சுவரில் உள்நோக்கி வளைந்த கொக்கி இல்லாத ரிம்களில் இன்னும் கூடுதல் கவனம் தேவை. அவற்றுக்கு நிர்ணயிக்கப்பட்டுள்ள உச்ச அழுத்தம் 5 பார், அதாவது சுமார் 72 பி.எஸ்.ஐ. மட்டுமே. ரிம் தயாரிப்பாளர் ஏற்றுக்கொண்ட டயர்களை மட்டுமே அவற்றில் போட வேண்டும்.

அடுத்தது ரிம் டேப். வீட்டில் தோற்றுப்போகும் முயற்சிகளுக்கு இதுவே முதன்மையான காரணம் என்பது என் கணிப்பு. ஸ்போக்ஸ் துளைகள் அத்தனையையும் காற்றுப் புகாமல் மூடுவது இந்த மெல்லிய பட்டைதான் என்பதால், அதன் அகலம் ரிம்மின் உள் அகலத்தை விடச் சற்றே அதிகமாக இருக்க வேண்டும், 25 மி.மீ. உள் அகலமுள்ள ரிம்முக்கு 27 அல்லது 28 மி.மீ. டேப் பொருந்தும். குறுகிய டேப்பை ஒட்டினால் விளிம்பு திட்டில் ஏறும்போது டேப்பின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டு போகும், காற்றும் அடியில் புகுந்துவிடும். மின்வேலைக்குப் பயன்படும் இன்சுலேஷன் டேப் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதற்காக அதைச் சுற்றுவோரும் உண்டு. அது அழுத்தத்தில் இழுபட்டுத் துளைகளுக்குள் இறங்கும், பசையும் இளகும். பழைய பசையையும் எண்ணெய்ப் பிசுக்கையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கொண்டு துடைத்து, ரிம் முழுவதும் உலர்ந்த பிறகு, டேப்பை நன்றாக இழுத்துப் பிடித்தபடி ஒட்டி, தொடங்கிய இடத்தைத் தாண்டி அரைச் சாண் அளவுக்கு மேலேற்றி முடிக்க வேண்டும். வால்வுத் துளையைப் பிளேடால் கீறித் திறந்தால் கீறல் நாளடைவில் நீளும். கூர்மையான ஊசியால் சிறு வட்டத் துளை இட்டு, வால்வே அதை நெருக்கிக்கொண்டு நுழையும்படி விடுவது நல்லது.

வால்வைப் பொருத்திய பிறகு அதன் நட்டைக் குறடு கொண்டு முறுக்குவது வேண்டாத வேலை. அடியிலுள்ள ரப்பர் நசுங்கி உருமாறுவதோடு, வழியில் டயர் கிழிந்து ட்யூப் போட வேண்டி வரும்போது அந்த நட்டை விரலால் கழற்ற முடியாமல் போகும். டயரை மாட்டும்போது வால்வுக்கு நேர் எதிர்ப்புறத்தில் தொடங்கி வால்வின் அருகில் முடிக்க வேண்டும். வால்வின் அடிப்பகுதி பள்ளத்தை அடைத்துக்கொண்டிருப்பதால் அங்கே தொடங்கினால் கடைசி நான்கு அங்குலம் ஏறவே ஏறாது. அப்போது இரும்பு லீவரால் நெம்புவோர் தாங்கள் ஒட்டிய டேப்பைத் தாங்களே கிழித்துவிடுகிறார்கள். மாட்டி முடித்ததும் வால்வை ஒருமுறை உள்ளே தள்ளி, இரு விளிம்புகளும் அதன் இருபக்கமும் இறங்கியிருப்பதை விரலால் தடவி உறுதிசெய்துகொள்ள வேண்டும். விளிம்பு வால்வின் மீது ஏறி உட்கார்ந்திருந்தால் உள்ளே போகும் காற்று அந்த இடத்திலேயே சிதறிவிடும்.

புது டயர் பெட்டியில் மடித்து வைக்கப்பட்டிருந்ததால் அதன் விளிம்பு அங்கங்கே வளைந்து நிற்கும். அப்படியே மாட்டினால் ரிம்முக்கும் விளிம்புக்கும் இடையே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கும். எந்தக் கைப்பம்பும் அதை வெல்லாது. இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. வால்வைக் கழற்றிவிட்டுச் சாதாரண ட்யூப் ஒன்றைப் போட்டு, காற்றடித்து, ஓர் இரவு விட்டுவிட வேண்டும். டயர் உருவத்துக்கு வருவதோடு, ரிம் டேப்பும் அழுத்தத்தில் நன்றாகப் படிந்துவிடும். மறுநாள் ஒரு பக்க விளிம்பை மட்டும் கழற்றி ட்யூபை உருவினால் மறுபக்கம் ஏற்கெனவே அமர்ந்தபடியே இருக்கும். பிறகு ட்யூப்லெஸ் வால்வைப் பொருத்தி, கழற்றிய விளிம்பை மட்டும் மீண்டும் மாட்டி அமர்த்தினால் போதும். பாதி வேலை காற்றடிப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

விளிம்பு வழுக்கி ஏறச் சோப்புத் தண்ணீர் தடவுவது பயன் தரும். தேங்காய் எண்ணெய், கிரீஸ் போன்றவற்றைத் தடவக் கூடாது. எண்ணெய் ரப்பரைக் கெடுக்கும், உலராமல் நின்று விளிம்பை நழுவவும் வைக்கும். முதல் முயற்சியிலேயே சீலன்ட்டை ஊற்றிவிடுவதும் தவறுதான். விளிம்பு அமராமல் போனால் அத்தனையும் தரையில் வழியும், பிறகு டயரைக் கழற்றிச் சரிபார்ப்பது பெரும் பாடாகிவிடும். முதலில் உலர்ந்த நிலையில் அமர்த்திப் பார்க்க வேண்டும்.

காற்றடிக்கும் நேரத்தில் செய்ய வேண்டியவற்றுள் முதன்மையானது, வால்வின் ‘கோர்’ எனப்படும், காற்றைத் திறந்து மூடும் உட்பகுதியைக் கழற்றிவிடுவது. இத்தகைய சைக்கிள்களில் பெரும்பாலும் இருக்கும் மெலிந்த பிரெஸ்டா வால்வின் உள்வழி மிகக் குறுகலானது. கோர் நீங்கியதும் காற்று பல மடங்கு தாராளமாக நுழையும். தரையில் நிறுத்தி அடிக்கும் பெரிய பம்பு இருந்தால் தொடக்க அடிகளை இடைவிடாமல் வேகமாக அடிக்க வேண்டும். அதுவும் போதாதென்றால் காற்றைத் தொட்டியில் சேர்த்து ஒரே வீச்சில் வெளியிடும் பம்பு உதவும், அல்லது பஞ்சர் கடை கம்ப்ரஸர் உதவும். அங்கே போகிறவர்கள் மோட்டார் சைக்கிளிலும் காரிலும் உள்ள தடித்த ஷ்ரேடர் வால்வுக்கான குழாயைப் பிரெஸ்டாவில் பொருத்தும் சிறு பித்தளை அடாப்டரைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். பெட்ரோல் பங்கில் உள்ள தானியங்கி இயந்திரங்கள் பல, டயருக்குள் இருக்கும் அழுத்தத்தை அளந்த பிறகே காற்றை விடுபவை. உள்ளே ஒன்றுமே இல்லாத டயரைக் கொண்டுபோனால் அவை தொடங்கவே மறுக்கலாம்.

இந்தக் கட்டத்தில் பொறுமை இழப்பவர்கள் செய்யும் சில காரியங்களை எவரும் செய்யக் கூடாது என்று வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். குளிர்பான பிளாஸ்டிக் பாட்டிலில் இரண்டு வால்வுகளைப் பொருத்தி, அதில் காற்றை நிரப்பித் தொட்டியாகப் பயன்படுத்தும் செய்முறை பரவலாகப் பகிரப்படுகிறது. கீறல் விழுந்த, பழசாகிப்போன ஒரு பாட்டில் எந்த அழுத்தத்தில் வெடிக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. வெடித்தால் முகத்துக்கு அருகில்தான் வெடிக்கும். எரியக்கூடிய ஸ்பிரேயை டயருக்குள் அடித்துத் தீ வைத்து அமர்த்துவதும் அப்படிப்பட்டதே. டேப்பும் டயரும் கருகும், கையும் முகமும் வேகும். இவற்றை விடச் சத்தமில்லாத ஆபத்து, ஒரு பக்கம் மட்டும் அமராமல் நிற்கும் டயருக்கு ‘இன்னும் கொஞ்சம்’ என்று அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவது. டயரின் பக்கவாட்டிலும் பல ரிம்களிலும் உச்ச அழுத்தம் குறிக்கப்பட்டிருக்கும். இரண்டில் எது குறைவோ அதுவே எல்லை. அதைத் தாண்டினால் விளிம்பு கழன்று வெடிப்பதோடு ரிம்மின் சுவரும் பிளக்கக்கூடும். கண்ணாடி அணிந்துகொள்வதும், ஸ்போக்ஸுக்குள் விரலை விடாமல் இருப்பதும் மிகையான எச்சரிக்கைகள் அல்ல.

சத்தம் கேட்டதாலேயே டயர் அமர்ந்துவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. டயரின் பக்கவாட்டில், ரிம்மை ஒட்டி, மெல்லிய கோடு ஒன்று சுற்றிலும் ஓடும். சக்கரத்தை மெதுவாகச் சுழற்றி அந்தக் கோட்டைக் கவனித்தால் எல்லா இடத்திலும் ரிம்மிலிருந்து ஒரே தூரத்தில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் கோடு ரிம்முக்குள் புதைந்து மறைந்தால் அங்கே விளிம்பு இன்னும் பள்ளத்தில் கிடக்கிறது என்று பொருள். காற்றை இறக்கி, அந்த இடத்தை விரலால் பிசைந்து, சோப்புத் தண்ணீர் தடவி, மீண்டும் அடித்தால் பெரும்பாலும் ஏறிவிடும்.

அமர்ந்த பிறகு காற்றை முழுவதும் இறக்கினாலும் நல்ல ரிம்மில் விளிம்பு இடம்விட்டு நகராது. அப்போது வால்வு வழியாகச் சீலன்ட்டை ஊற்றலாம். டயரில் காற்று இருக்கும்போது கோரைக் கழற்றினால் அது தெறித்துப் போய்விடும், சீலன்ட்டும் பீறிடும். சாலைச் சைக்கிளின் 28 மி.மீ. டயருக்குச் சுமார் 30 முதல் 45 மில்லி போதும். 29 அங்குல மலைச் சைக்கிள் டயருக்கு 100 மில்லியை ஒட்டித் தேவைப்படும். மோட்டார் சைக்கிளுக்கான சீலன்ட்டை ஊற்றுவதும், இரண்டு நிறுவனங்களின் திரவங்களைக் கலப்பதும் வேண்டாம். கார்பன் டை ஆக்ஸைடு குப்பியால் அமர்த்தியிருந்தால் அந்த வாயுவை வெளியேற்றிவிட்டுச் சாதாரணக் காற்றை நிரப்ப வேண்டும். சில லேடெக்ஸ் சீலன்ட்டுகள் அதில் திரிந்து கட்டியாகிவிடும். காற்றை நிரப்பும்போதும் இறக்கும்போதும் வால்வு அடியில் நிற்காமல் பக்கவாட்டில் இருந்தால் சீலன்ட் கோருக்குள் புகுந்து அடைக்காது.

பின்னர் சக்கரத்தைக் குலுக்கி, ஒரு வாளியின் மேல் படுக்கவைத்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை புரட்டிப்போட்டு, சிறிது தூரம் ஓட்டியும் வர வேண்டும். புது டயர் முதல் ஓரிரு நாள்கள் சற்றுக் காற்றிழப்பது இயல்பு. அது தொடர்ந்தால் சோப்புத் தண்ணீர் தெளித்து இடத்தைக் கண்டுபிடிக்கலாம்: ஸ்போக்ஸ் அடியில் குமிழி வந்தால் குற்றம் டேப்பில், வால்வின் அடியில் வந்தால் டேப்பின் துளையிலோ வால்வு ரப்பரிலோ, டயரின் பக்கவாட்டில் பொடிப்பொடியாக வந்தால் சீலன்ட் அங்கே இன்னும் பரவவில்லை. நம் ஊர் வெயிலில் சீலன்ட் விரைவில் உலரும் என்பதால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கோரைக் கழற்றி, மெல்லிய குச்சி ஒன்றை விட்டுப் பார்த்து, நுனியில் ஈரம் ஒட்டவில்லையென்றால் மீண்டும் ஊற்ற வேண்டும்.