3,35,50,336: ஒரு பெரிய எண்ணைக் கையாலேயே பிரித்துப் பார்ப்போம்

கால்குலேட்டர் வேண்டாம், ஒரு தாளும் பேனாவும் போதும். எட்டு இலக்க எண் என்று பயப்படாதீர்கள், பகாக் காரணிகள் கைக்கு வந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

முதலில் 2-ஆல் வகுங்கள். 1,67,75,168 வரும். அதுவும் இரட்டை எண்தான், மறுபடி வகுத்தால் 83,87,584, அப்புறம் 41,93,792 என்று இறங்கிக்கொண்டே போகும். ஒவ்வொரு முறையும் தாளின் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள், எத்தனை தடவை வகுத்தோம் என்பதைத் தவறவிட்டால் பின்னால் எல்லாமே தப்பாகிவிடும். 32,764, 16,382 என்று வந்து 8191-இல் நிற்கும், அது ஒற்றை எண். கோடுகளை எண்ணுங்கள், 12 இருக்க வேண்டும்.

சரி, 8191 பகா எண்ணா? 91×91 = 8281, அதாவது 8191-ஐத் தாண்டிவிடுகிறது. அதனால் 89 வரையுள்ள 24 பகா எண்களைச் சோதித்தால் போதும். இங்கே ஒரு குறுக்கு வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும்: முந்தைய எண் 8190-ஐப் பாருங்கள், அது 2×3×3×5×7×13. அப்படியென்றால் 8191-ஐ 2, 3, 5, 7, 13 எதால் வகுத்தாலும் மீதி 1 தான், ஐந்து எண்கள் ஒரே அடியில் கழிந்தன! பாக்கி 19 பகா எண்களாலும் பொறுமையாக வகுத்துப் பாருங்கள். 11-க்கு மீதி 7, 17-க்கு 14, 19-க்கு 2... எதிலும் மீதியில்லாமல் போகாது. ஆக 8191 பகா எண், நம் எண் 2¹² × 8191.

காரணிகள் எத்தனை? அடுக்குகள் (2-க்கு 12, 8191-க்கு 1) ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குங்கள்: 13×2 = 26. முழு வர்க்கத்துக்குக் காரணிகளின் எண்ணிக்கை ஒற்றையாக இருக்கும், எனவே இது முழு வர்க்கமில்லை.

இப்போது அந்த 26-ஐயும் இரண்டு வரிசையாக எழுதுங்கள். முதல் வரிசை 1, 2, 4 என்று 4096 வரை, இரண்டாவது அதே எண்களை 8191-ஆல் பெருக்கியது. முதல் வரிசையைக் கூட்டினால் என்ன வருகிறது? 8191, அதே பகா எண்! இரண்டாவது வரிசையின் கடைசி எண் நம் எண்ணேதான், அதை விட்டுவிட்டுக் கூட்டினால் 8191×4095. இரண்டையும் சேர்த்தால் 8191×4096, அதாவது மறுபடியும் 3,35,50,336.

தன்னைத் தவிர்த்த காரணிகளைக் கூட்டினால் தானே வருகிற இத்தகைய எண்களுக்கு நிறைவெண் என்று பெயர். 6, 28, 496, 8128-க்கு அடுத்து வரும் ஐந்தாவது நிறைவெண் இது. இந்த இரண்டு வரிசைக் கணக்கு ஏன் பலிக்கிறது என்பதை 2,000 ஆண்டுகளுக்கு முன்பே யூக்ளிட் நிறுவிவிட்டார்.

இதே வழியில் 8128-ஐ நீங்களே போட்டுப் பாருங்கள், ஆறே கோடுகளில் 127-க்கு வந்துவிடுவீர்கள்.