"தி.நகர்ல எங்க?": சென்னையின் கடைத்தெருவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"தி.நகர் போகணும்" என்று சொன்னதும் ஆட்டோக்காரர் திருப்பிக் கேட்பார்: "தி.நகர்ல எங்க?" இதற்குப் பதில் யோசிக்காமல் வீட்டை விட்டுக் கிளம்புவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதற்குப் பிறந்த குட்டிகள்.

தி.நகர் என்பது ஒரே கடைத்தெரு கிடையாது. மேற்கு ஓரத்தில் ரயில் பாதையும் மாம்பலம் நிலையமும். நிலைய வாசலில் தொடங்கி உஸ்மான் சாலை வரை ஓடுவது ரங்கநாதன் தெரு. பாத்திரம், ரெடிமேட், பிளாஸ்டிக் சாமான், தினசரி உடுத்தும் துணி எல்லாம் அங்கே. உஸ்மான் சாலையில் வடக்கே நடந்தால் பனகல் பூங்கா. பட்டும் நகையும் அதைச் சுற்றித்தான். பூங்காவிலிருந்து கிழக்கே அண்ணா சாலையை நோக்கிப் போகிற தியாகராய சாலையைத்தான் எல்லோரும் பாண்டி பஜார் என்கிறோம். ரங்கநாதன் தெருவுக்குத் தெற்கே, தெற்கு உஸ்மான் சாலையில் பஸ் நிலையம். கல்யாணப் பட்டு எடுக்கப் போகிறவரும் குழந்தைக்குப் பள்ளிக்கூட செருப்பு வாங்கப் போகிறவரும் ஒரே இடத்தில் இறங்க வேண்டிய அவசியமே இல்லை.

முகவரியில் "உஸ்மான் ரோடு" என்று மட்டும் எழுதிக்கொண்டு வருவதும் இதே கதைதான். வடக்கு உஸ்மான் சாலை வேறு, தெற்கு உஸ்மான் சாலை வேறு. ஒரே பெயருள்ள கடைக்கு இரண்டு மூன்று கிளைகள் இருக்கும். நகை ஒரு கட்டடத்தில், துணி இன்னொன்றில். வடக்கா தெற்கா, எதற்கு எதிரில் என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். கடை வடக்கு உஸ்மான் சாலையின் கோடியில் இருந்தால் மாம்பலத்துக்கு முந்தைய நிலையமான கோடம்பாக்கத்தில் இறங்குவதே சுலபம். ரங்கநாதன் தெருக் கூட்டத்தைப் பார்க்கவே வேண்டாம்.

பெயர்க் குழப்பத்தில் இன்னொன்று: அரங்கநாதன் சுரங்கப்பாதை. ரங்கநாதன் தெருவுக்குப் பக்கத்தில் இருக்கும் என்று நினைத்து மேற்கு மாம்பலத்திலிருந்து வண்டியை அதற்குள் விடுகிறார்கள். அது தெற்கே தள்ளி, சி.ஐ.டி. நகர்ப் பக்கம் கொண்டுபோய் விடும். பனகல் பூங்காப் பக்கம் வரவேண்டுமானால் துரைசாமி சுரங்கப்பாதை. பெருமழையில் இரண்டுமே நம்பத் தகுந்தவை அல்ல. ரயில் பாதைக்கு அடியில் பள்ளமாகப் போவதால் தண்ணீர் அங்கே வந்து நின்றுவிடும். போலீஸ் தடுப்பு போட்டு மூடிவிடுவார்கள். தீபாவளி ஐப்பசி அடைமழையில்தான் வருகிறது என்பதை மறந்துவிட்டு, கடைசி வாரத்துக்குச் சாமான் பட்டியலைத் தள்ளிப் போடுகிறவர்கள் ஒவ்வொரு வருஷமும் இருக்கிறார்கள். 2021 நவம்பர் மழையில் பாண்டி பஜாரே தண்ணீரில் நின்றது.

அசோக் நகர், கே.கே. நகர்ப் பக்கத்திலிருந்து ஆட்டோவில் வருகிறவர்கள் சுரங்கப்பாதையைத் தாண்டிக்கொண்டு வர வேண்டும் என்று கட்டாயமில்லை. மேற்கு மாம்பலம் பக்கமே ஸ்டேஷன் வாசலில் இறங்கி, நடைமேம்பாலம் ஏறிக் கிழக்கே இறங்கினால் ரங்கநாதன் தெரு. ஆட்டோ சுரங்கப்பாதைக்கு முன்னால் நிற்கிற நேரத்தில் நீங்கள் ஒரு கடை பார்த்து முடித்திருப்பீர்கள். ஆனால் படி ஏறச் சோம்பல்பட்டுத் தண்டவாளத்தைக் கடக்காதீர்கள். ரயில்வே சட்டம் 147-ஆவது பிரிவின்படி அதற்கு ஆறு மாதம் வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. அதைவிடப் பெரிய ஆபத்து, மாம்பலத்தில் நிற்காமல் பறக்கிற வண்டிகள்.

ரயிலில் வருகிறவர்கள்

தி.நகருக்குச் சரியான வாகனம் எது என்று கேட்டால் தயங்காமல் மின்சார ரயில் என்பேன். கடற்கரை–தாம்பரம் பாதையில் மாம்பலம். தவறு எங்கே நடக்கிறது என்றால், சென்ட்ரலில். வெளியூரிலிருந்து வந்து சென்ட்ரலில் இறங்குகிறவர்கள் எதிர்ப்பக்கம் போய் 'பார்க்' நிலையத்தில் தாம்பரம் பக்கம் போகும் வண்டி ஏற வேண்டும். எழும்பூர், சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், அடுத்தது மாம்பலம். பக்கத்திலேயே 'பார்க் டவுன்' என்று ஒரு நிலையம் இருக்கிறது. அது மயிலாப்பூர், திருவான்மியூர் வழியாக வேளச்சேரி போகும் பறக்கும் ரயில் பாதை. அதில் எத்தனை நேரம் உட்கார்ந்தாலும் மாம்பலம் வராது.

மெட்ரோவை நம்பி வருவதில் இன்னொரு சறுக்கல். இப்போது ஓடும் நீல வழித்தடம் அண்ணா சாலையோடு போகிறது, தி.நகருக்குள் நுழைவதில்லை. பனகல் பூங்காவில் தோண்டுவது பூந்தமல்லி–கலங்கரை விளக்கம் வழித்தடத்துக்கான சுரங்க நிலையம். அது திறக்கும்வரை, மெட்ரோவில் வந்தால் நந்தனத்தில் இறங்கி வெங்கட்நாராயணா சாலை வழியாக ஆட்டோ பிடிக்கலாம். சைதாப்பேட்டை மெட்ரோவில் இறங்கி, "அடுத்த ஸ்டேஷன்தானே மாம்பலம்" என்று மின்சார ரயிலைத் தேடாதீர்கள். சைதாப்பேட்டையில் மெட்ரோ ஒரு இடம், ரயில் நிலையம் வேறு இடம். மாறுவதற்கு நல்ல இடங்கள் இரண்டு: விமான நிலையப் பக்கத்திலிருந்து வந்தால் கிண்டி, கோயம்பேடு, வடபழனிப் பக்கத்திலிருந்து வந்தால் பரங்கிமலை. இரண்டிலும் மெட்ரோவும் மின்சார ரயிலும் அடுத்தடுத்து. கிண்டியிலிருந்து இரண்டாவது நிறுத்தம் மாம்பலம், பரங்கிமலையிலிருந்து மூன்றாவது.

தென்மாவட்டங்களிலிருந்து அரசு பஸ்ஸில் வந்தால் 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் பஸ் நிலையம்தான் கடைசி. அங்கிருந்தே தி.நகருக்கு ஆட்டோ, கார் என்று பேசினால் பஸ் கட்டணத்தைவிட அதிகமாகப் போய்விடும். வண்டலூருக்கோ தாம்பரத்துக்கோ மாநகர பஸ் பிடித்து அங்கே ரயில் ஏறுங்கள். வெளியூர் ரயிலில் எழும்பூருக்கு வருகிறவர்கள், தங்கள் வண்டி மாம்பலத்தில் நிற்குமா என்று டிக்கெட் எடுக்கும்போதே பார்ப்பது நல்லது. சில வண்டிகள் நிற்கும். எழும்பூர் வரை போய்த் திரும்பி வருகிற அலைச்சல் மிச்சம்.

டிக்கெட் விஷயத்தில் மூன்று. சாதாரண வண்டிக்குக் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். 2025 ஏப்ரலில் வந்த ஏசி மின்சார ரயிலுக்கு அது 35 ரூபாய். அதுவும் மாம்பலத்தில் நிற்கும். சாதாரண டிக்கெட்டோடு குளிர்ச்சியாக ஏறி உட்கார்ந்தால் அபராதம்தான். செல்போன் செயலியில் எடுக்கிறவர்கள் நிலையத்துக்கு வெளியே இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். உள்ளே வந்துவிட்டால் சுவரில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்துதான் எடுக்க முடியும். சாயங்காலம் மாம்பலம் கவுன்டர் வரிசையில் இரண்டு கையிலும் கட்டைப்பையோடு நிற்பதைத் தவிர்க்க, போகும்போதே ரிட்டர்ன் எடுத்துவிடுவது பழைய ஆட்களின் வழக்கம்.

ஸ்கைவாக்கை எப்போது ஏறுவது

2023 மே மாதம் திறந்த ஆகாய நடைபாதை மாம்பலம் நிலையத்தையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் இணைக்கிறது. நீளம் 570 மீட்டர், அகலம் 4.2 மீட்டர். கடை பார்க்க வந்தவர் இதில் ஏறினால் ரங்கநாதன் தெருவைத் தவறவிட்டு, பஸ் நிலையத்தில் போய் நிற்பார். திரும்பி அரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். பஸ் மாறப் போகிறவருக்கும், வாங்கி முடித்துவிட்டுத் தெற்கு உஸ்மான் சாலையிலிருந்து ஸ்டேஷனுக்குத் திரும்புகிறவருக்கும் அது வரப்பிரசாதம். லிஃப்ட் உண்டு, முதியவர்களோடு வந்தால் கூட்ட நாளில் ரங்கநாதன் தெரு வழியாக அவர்களைத் திரும்பக் கூட்டிப்போவது கொடுமை. போகும்போது தெரு, வரும்போது ஸ்கைவாக்: இது எனக்குத் தெரிந்து நன்றாக வேலை செய்கிற கணக்கு.

பஸ்ஸில் வருகிற பெண்கள் கவனிக்க: கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டணப் பஸ்ஸுக்கு மட்டும். டீலக்ஸில் ஏறிவிட்டுக் கண்டக்டரோடு வாதாடிப் பயனில்லை, டிக்கெட் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

சொந்த வண்டி

கார் எடுத்து வராதீர்கள். எடுத்துத்தான் வருவேன் என்றால், கடை வாசலில் நிறுத்த இடம் கிடைக்கும் என்று உஸ்மான் சாலையைச் சுற்றிச் சுற்றி வராமல், பாண்டி பஜாரில் தணிகாசலம் சாலை முனையிலுள்ள மாநகராட்சியின் அடுக்குமாடி வாகன நிறுத்தத்தில் நேரே விட்டுவிடுங்கள். 2019-ல் பாண்டி பஜாரை நடப்பவர்களுக்காக மாற்றியபோது நடைபாதையை அகலப்படுத்தினார்கள், வண்டிப் பாதை குறுகியது. ஓரமாக ஐந்து நிமிஷம் நிறுத்திவிட்டு ஓடிப்போய் வாங்கி வரலாம் என்பது அங்கே நடக்காது.

மேம்பாலமும் ஒரு பொறி. சி.ஐ.டி. நகர்ப் பக்கத்திலிருந்து தெற்கு உஸ்மான் சாலைக்கு 2025-ல் திறந்த இரும்பு மேம்பாலம் பழைய உஸ்மான் சாலை மேம்பாலத்தோடு சேர்கிறது. நேரே தாண்டிப் போகிறவர்களுக்கு அருமை. ஆனால் பஸ் நிலையத்துக்கோ ரங்கநாதன் தெருவுக்கோ போக வேண்டியவர் அதில் ஏறினால், அவர் தேடிவந்த கடை கண்ணெதிரே காலுக்குக் கீழே போகும், இறங்க வழியிருக்காது. அப்படிப்பட்டவர்கள் பாலத்தடிச் சாலையைப் பிடிக்க வேண்டும். மெட்ரோ வேலையால் பனகல் பூங்காவைச் சுற்றி எந்தத் தெரு ஒருவழி என்பதும் அடிக்கடி மாறுகிறது. போன மாதம் போன வழி இந்த மாதம் இருக்கும் என்று எண்ண வேண்டாம், அறிவிப்புப் பலகையைப் பாருங்கள்.

திரும்பும்போது

வருவதைவிடத் திரும்புவதில்தான் ஆட்கள் கோட்டை விடுகிறார்கள். ஞாயிறு சாயங்காலம் ஏழு மணிக்கு, கடை வாசலில் நின்றபடி செயலியில் கார் அழைப்பார்கள். வரைபடத்துப் புள்ளி மேம்பாலத்தின் மேலேயா கீழேயா என்று டிரைவருக்குத் தெரியாது. நெரிசலுக்குள் வர மனமில்லாமல் அவர் ரத்து செய்வார்; அடுத்தவரும் ரத்து செய்வார். பைகளோடு சற்று நடந்து வெங்கட்நாராயணா சாலைக்கு வந்து, நடேசன் பூங்கா வாசலிலிருந்து அழைத்துப் பாருங்கள்; அண்ணா சாலைப் பக்கமிருந்து வரும் வண்டிக்கு அது நேர் வழி. அதே சாலையில் திருப்பதி தேவஸ்தானம் கோயிலும் நல்ல அடையாளம், புரட்டாசிச் சனிக்கிழமை தவிர.

ஞாயிற்றுக்கிழமைகளில் மின்சார ரயில்கள் வார நாளைவிடக் குறைவு. பராமரிப்புக்காகச் சில வண்டிகளை ரத்து செய்வதும் உண்டு. கிளம்பும் முன் அன்றைய நேரத்தைப் பார்க்காமல் கடைசி வண்டியை நம்பாதீர்கள். நாள் உங்கள் கையில் இருந்தால் செவ்வாய், புதன் காலை பத்தரை மணி. விற்பனையாளர் பத்துப் புடவையைப் பொறுமையாகப் பிரித்துக் காட்டுகிற நேரம் அதுதான். ஆடித் தள்ளுபடி ஞாயிற்றுக்கிழமையில் அதே ஆளிடம் அந்தப் பொறுமையை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கூட்டத்தில் குழந்தை கைநழுவுவது நொடியில் நடக்கும். "எல்லார்கிட்டயும் போன் இருக்கே" என்று விடுகிறார்கள், குழந்தையிடம் இல்லையே. உங்கள் நம்பரைச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள், அல்லது பேனாவால் முன்கையில் எழுதுங்கள். தொலைந்தால் சந்திக்கும் இடமாக "கடை வாசல்" என்று சொல்லாதீர்கள். பெரிய கடைகளுக்கு இரண்டு மூன்று வாசல். எந்த வாசல் என்று காட்டிக்கொடுங்கள். காணாமல் போனால் நீங்களே தேடி அலைவதற்கு முன் அருகிலுள்ள போலீஸ்காரரிடம் சொல்லுங்கள், 112-ஐ அழைக்கலாம். ரயில் நிலையத்துக்குள் என்றால் 139.

வாசல் கணக்கு கையிலுள்ள பைகளுக்கும் பொருந்தும். நுழையும்போது ஒரு வாசலில் கையிலிருக்கும் பையை வாங்கிக்கொண்டு டோக்கன் தருவார்கள். நாலு மாடி ஏறி இறங்கி, பில் போட்டு, பொருளைச் சரிபார்த்து வாங்கி வெளியே வந்தால் அது பின்பக்கத்து வாசலாக இருக்கும். பை முன்வாசலில். நடுவில் முழு ரங்கநாதன் தெருக் கூட்டம். டோக்கன் வாங்கும்போதே "பில் போட்டுட்டு எந்தப் பக்கம் வெளிய வருவோம்?" என்று கேட்டுவிட்டு, முடிந்தால் அந்தப் பக்கத்துக் கவுன்டரிலேயே பையைக் கொடுங்கள்.